சாலையில் விழும் சாணி

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதில்லை. கேட்டு வாங்கப்பட்டது.

நம் தொழிற்சாலைக் காலனித் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் மலருக்கு ஒவ்வோர் ஆண்டும் நான் ஒரு கதை எழுதுவது வழக்கம். இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றாம் ஆண்டு மலருக்கு அதன் ஆசிரியர் நாராயணஸ்வாமி வீட்டுக்கே வந்தார். காப்பி குடித்தார். கதைக்கான பொருளையும் கொடுத்துவிட்டுப் போனார்: உயிர்வளங்களைச் சமூகம் பயன்படுத்துவதால் சுற்றுச்சூழலுக்கு விளையும் நன்மை தீமைகள். நம் காலனியின் சாண எரிவாயுக் கலனை வைத்தே எழுதிவிடலாம் என்றார். தீமை என்று எதை எழுதுவது என்று கேட்டேன்.

"ஒண்ணு ரெண்டு போடுங்கோ மேடம். பேலன்ஸா இருக்கணுமோல்லியோ. வாசனை, கொசு, அந்த மாதிரி. முடிவு மட்டும் நம்பிக்கையா இருக்கட்டும்."

[மலரின் ஆசிரியரே காலனி நலக் குழுவின் செயலாளர். கலனைக் கொண்டுவந்தவரும் அவரே. இதைப் பின்னால் திடுக்கிட வைப்பதற்காக ஒளித்து வைக்க எனக்கு விருப்பமில்லை.]

நம்பிக்கையான முடிவோடு ஒரு கதை எழுதிக் கொடுத்தேன். ஓரத்தில் "பேஷ்" என்று எழுதி அச்சகத்துக்கு அனுப்பினார். நீங்கள் இப்போது படிப்பது அந்தக் கதை இல்லை. மலருக்குப் பிழை திருத்துகிறவளும் நான்தான். செகந்திராபாத் அச்சகத்தில் கடைசிப் படியைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவளும் நான்தான். இத்தனை ஆண்டுகளாக அந்த வேலையை வேறு யாரும் கேட்டு வந்ததில்லை.

2

முதல் தொடக்கம், நாராயணஸ்வாமிக்கு எழுதியது:

"மௌலா அலி மலைக்குப் பின்னால் சூரியன் எழுந்தபோது, பால்வாடியின் அடுப்பில் நீலச் சுடர் தாமரையைப் போல மலர்ந்தது."

தாமரை நீலமாக மலர்ந்து நான் பார்த்ததில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்:

"நாகம்மா ஓர் ஏழைப் பெண். அவளுக்கு..."

இதையும் பாதியில் விட்டேன். ஏழை என்ற சொல்லைக் கண்டதும் நீங்கள் முகத்தை இரக்கத்துக்குத் தயார் செய்துகொள்வீர்கள். எனக்கு அந்த முகம் தெரியும். நானும் அதை வைத்துக்கொண்டு பல கதைகள் எழுதியிருக்கிறேன். நாகம்மாவுக்கு உங்கள் இரக்கம் வேண்டாம். சாணி வேண்டும்.

மூன்றாவது தொடக்கம் ஒரு கேள்வி. பால்காரர் அப்துல் ரஹீமின் எருமைகள் காலையில் தபேலா என்கிற தொழுவத்திலிருந்து குளத்துக்குப் போகின்றன. மாலையில் திரும்புகின்றன. போகிற வழியில், நம் காலனியின் வாசலுக்கு எதிரே, சாலையில் சாணி போடுகின்றன.

அது யாருடையது?

இதுதான் தொடக்கம். இதை அடிக்கப் போவதில்லை.

3

நன்மை.

கோபமாக எழுதுகிறவள் நன்மையை ஒழுங்காகச் சொல்ல மாட்டாள் என்று நீங்கள் நினைக்கலாம். அதனால் அதையே முதலில் சொல்கிறேன்.

லோயிஸ் நம் பால்வாடியை நடத்துகிறவள். செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். காலனிக் குழந்தைகளுக்கெல்லாம் அவள்தான் பால் காய்ச்சினாள், உப்புமா கிண்டினாள், கரி அடுப்பில். ஜன்னல் ஒன்றே ஒன்று. அவள் கண்கள் சிவக்காத நாளை நான் பார்த்ததில்லை. இருமல் வந்து மாதாகோயில் பாடகர் குழுவிலிருந்து நின்றுவிட்டாள். எனக்கு வயதாகிவிட்டது அக்கா என்பாள். அவளுக்கு முப்பத்தைந்துகூட ஆகவில்லை.

போன கோடை முடிவில் கலன் வேலை செய்யத் தொடங்கியது. கிணறு மாதிரி ஒரு தொட்டி, அதன் மேல் கவிழ்த்து வைத்த இரும்பு உருளை. சாணியைக் கரைத்து உள்ளே விட்டால் உள்ளிருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதைத் தின்று வாயுவை விடும். வாயு சேரச் சேர உருளை மேலே எழும். அங்கிருந்து ஒரு குழாய் பால்வாடிக்கு வந்தது. கரி போயிற்று, புகை போயிற்று. சில வாரங்களில் லோயிஸ் மறுபடியும் பாடப் போனாள்.

இந்த நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் கோபத்துக்கு வசதியாக இல்லை என்பதற்காக ஒருத்தியின் நுரையீரலைக் கதையிலிருந்து வெட்டி எறிய முடியாது. தொட்டியிலிருந்து வெளியே வந்த கழிவுக் குழம்பு செடிகளுக்கு நல்ல உரம். அதிகாரிகள் வீட்டு ரோஜாக்கள் எல்லாம் பூத்தன. எங்கள் வீட்டு ரோஜாவும் பூத்தது.

4

இப்போது நாகம்மா. இவளைப் பற்றி எனக்குச் சந்தேகங்கள் உண்டு.

முதல் படியில் இவளை மிகவும் நல்லவளாக எழுதியிருந்தேன். சாந்தமான முகம், குறைந்த பேச்சு. உண்மையில் அவள் வாய் நிற்காது. அப்பா வட ஆற்காட்டிலிருந்து தண்டவாள வேலைக்கு வந்தவர். நம் காலனியின் பின்சுவருக்கும் ரயில் பாதைக்கும் நடுவே இருக்கிற குடிசைகளில் பிறந்து அங்கேயே இருக்கிறாள். வரட்டி தட்டுவாள். அந்தக் குடிசைகளின் அடுப்புகள் எல்லாம் அவள் வரட்டியில்தான் எரிந்தன. மிச்சத்தை டீக்கடைக்கும் சலவைக்காரருக்கும் விற்றாள்.

வரட்டியில் மண் கலப்பாள். ஒருமுறை நேரிலேயே கேட்டேன்.

"மண்ணு கலந்தாதான் நின்னு எரியும்மா. நீங்க சாம்பார்ல தண்ணி ஊத்தறதில்லையா?"

[இந்த இடத்தில் என் கணவர் படித்துவிட்டு, அவள் வரட்டியிலும் புகை உண்டே, வயலுக்குப் போக வேண்டிய உரம் அடுப்பில் எரிகிறதே, அது தீமையில்லையா என்று கேட்டார். தீமைதான். எழுதிக்கொண்டேன். நாகம்மாவும் இருமுகிறவள்தான். அவளுக்கு ஒரு குழாய் போடலாமே என்று குழுவிடம் கேட்டேன். பின்சுவரைத் தாண்டிக் குழாய் போட விதி இல்லையாம்.]

5

நாராயணஸ்வாமி சார், தீமை என்று வாசனையும் கொசுவும் சொன்னீர்கள். சாண எரிவாயுக் கலனில் கொசு அதிகமில்லை. தீமை வேறு இடத்தில் இருந்தது.

கலன் வருவதற்கு முன்னால் தபேலாவில் ஓர் ஏற்பாடு இருந்தது. யாரும் எழுதி வைக்காத ஏற்பாடு. தொழுவத்தைப் பெருக்கிக் கழுவுகிறவளுக்குச் சாணி. நாகம்மா விடியலில் போய்த் துடைப்பமும் வாளியுமாகத் தபேலாவைச் சுத்தம் செய்வாள். கூடை நிறைய எடுத்துக்கொண்டு வருவாள். அப்துல் ரஹீமுக்குக் கூலி மிச்சம், இவளுக்குச் சாணி. நம் குழுவின் திட்ட அறிக்கையில் இந்தச் சாணிக்கு ஒரு பெயர் இருந்தது. "பயன்படுத்தப்படாமல் வீணாகும் கழிவு." பத்துக் குடிசைகளின் சோறு அதில்தான் வெந்துகொண்டிருந்தது. வீணாகிறது என்று எழுதிய பேனாவுக்குப் பின்சுவருக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

தபேலா நிற்பது நம் தொழிற்சாலையின் நிலத்தில். ஆகவே சாணி முழுவதும் கலனுக்கு வேண்டும் என்று குழு கேட்டபோது அப்துல் ரஹீமால் மறுக்க முடியவில்லை. நாகம்மாவிடம் அவர் தலையைக் குனிந்துகொண்டு பேசினாராம். தொழிற்சாலையின் துப்புரவுப் பணியாளர்கள் தபேலாவைக் கழுவ வந்தார்கள். நாகம்மா போகத் தேவையில்லாமல் போயிற்று.

அவள் சாலைக்கு வந்தாள். எருமைகள் பின்னாலேயே கூடையோடு நடந்தாள். அதைப் பார்த்த குழு தன் தீர்மானத்தில் இன்னொரு வரியைச் சேர்த்துக்கொண்டது. அதை அப்படியே தருகிறேன்: "மேற்படி எருமைகள் இடும் சாணம் முழுவதும், அவை நடக்கும் வழியில் இடுவது உட்பட, கலனுக்கே உரியது."*

*எருமைகளுக்கு இந்தத் தீர்மானம் படித்துக் காட்டப்படவில்லை.

அதற்குப் பிறகு குடிசைப் பெண்கள் விறகுக்கு மலைப்பக்கம் போனார்கள். முள் தீர்ந்தது. வனமகோத்சவத்தில் நாம் நட்ட தைலமரக் கன்றுகளை ஒடித்தார்கள். நட்டபோது எடுத்த புகைப்படம் இன்னமும் காலனி மன்றத்துச் சுவரில் தொங்குகிறது, மாலை போட்ட மண்வெட்டியோடு. கன்றுகள் ஒடிந்ததும் அறிவிப்புப் பலகையில் "மரங்களின் எதிரிகள்" என்று ஒரு தாள் ஒட்டினார்கள். பால்வாடியில் மிச்சப்பட்ட கரியை ஒரு பக்கமும் ஒடிந்த கன்றுகளை இன்னொரு பக்கமும் வைத்துப் பார்க்க எந்தக் குழுவும் கூடவில்லை.

இந்தப் பத்தியை எழுதும்போது பேனா தாளைக் கிழித்தது. என் கோபம் எப்போதும் அப்படித்தான். வாய்க்கு வராது, விரலுக்கு வரும். வாய்க்கு வந்திருந்தால் இத்தனை ஆண்டு இந்தக் காலனியில் நல்ல பெயரோடு இருந்திருக்க மாட்டேன்.

6

மழைக்காலத்தில் டெல்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. கலனைப் பார்க்க வருகிறார்.

பொதுத்துறையில் வேலை செய்கிறவர்களுக்கு மேலிடத்திலிருந்து ஒருவர் வருகிறார் என்றால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், மரத்துக்கு அடித்தார்கள். கலனின் சுற்றுச்சுவருக்கும் அடித்தார்கள். கலனைக் கட்டிக் கொடுத்தவர்கள் அந்தச் சுவரில் சிவப்பு எழுத்தில், இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் தெலுங்கிலும், ஓர் எச்சரிக்கை எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். சோப்புத் தண்ணீரும் பினாயிலும் உள்ளே போகக் கூடாது. போனால் உள்ளிருக்கும் உயிர்கள் செத்துவிடும். சிவப்பு எழுத்து அழகாக இல்லை என்று அதன் மேலும் வெள்ளை அடித்தார்கள்.

பிறகு, தபேலா நாற்றம் பெரியவரின் மூக்கில் படக் கூடாது என்று, அவர் வருகிற வரைக்கும் தினமும் காலையில் தபேலாவைப் பினாயில் ஊற்றிக் கழுவச் சொன்னார்கள். கழுவிய தண்ணீர் சாணியோடு சேர்ந்து நேராகத் தொட்டிக்குள் போனது.

[நம் குழுவில் எத்தனை பொறியாளர்கள் என்று இங்கே எண்ணிச் சொல்ல ஆரம்பித்தேன். விட்டுவிட்டேன். உங்கள் கைவிரல்களை நீங்களே மடக்கிக்கொள்ளலாம்.]

உருளை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இறங்கியதைப் பார்த்தவர்கள் அதற்குப் புதிதாகப் பச்சை வண்ணம் பூசினார்கள்.

7

அதிகாரி வருகிற அன்று காலை பால்வாடி அடுப்பு பற்றவில்லை. கரி எப்போதோ நிறுத்தப்பட்டுவிட்டது. குழந்தைகள் பாலுக்கு அழ ஆரம்பித்தார்கள். லோயிஸ் பின்சுவரில் ஏறி நின்று நாகம்மாவைக் கூப்பிட்டாள்.

நாகம்மா வரட்டிகளைச் சுவர் வழியே எடுத்துக் கொடுத்தாள். பிறகு தானும் ஏறிக் குதித்து வந்து, பால்வாடியின் பின்பக்கத்தில் கல் கூட்டி அடுப்பு மூட்டினாள். குழந்தைகளுக்குப் பால் காய்ந்தது. அதே அடுப்பில் விருந்தாளிக்கு டீயும் கொதித்தது. நான் அங்கே இருந்தேன். மகளிர் மன்றத்தின் சார்பில் பூங்கொத்துக் கொடுக்க வரச் சொல்லியிருந்தார்கள்.

அதிகாரி டீயைக் குடித்தார். இது சாண எரிவாயுவில் போட்ட டீ என்று நாராயணஸ்வாமி அவருக்குச் சொன்னார். அப்போது அவருக்கும் தெரியாது. புகை வாடையே இல்லையே என்று அதிகாரி பாராட்டினார். பிறகு சுடரைக் காட்டுங்கள் என்றார். நாராயணஸ்வாமி தீக்குச்சி கிழித்தார். இன்னொன்று கிழித்தார். பெட்டி தீர்ந்தது. பிரஷர் கொஞ்சம் டவுன் சார் என்றார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காரில் ஏறினார்.

நாராயணஸ்வாமி பின்பக்கம் வந்தார். சாம்பலைப் பார்த்தார். மிச்சமிருந்த வரட்டிகளைப் பார்த்தார். பக்கத்தில் நாகம்மா உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வரட்டி ஏது?"

"என்னுது."

"சாணி ஏது?"

"எருமைது."

"அப்படின்னா அது கேஸுக்குப் போக வேண்டிய சாணி. திருடியிருக்கே. அதனாலதான் கேஸ் வரல்லை."

நாகம்மா தம்ளரைக் கீழே வைத்தாள். பயந்ததாகத் தெரியவில்லை. பயந்திருந்தால் ஒருவேளை கதை வேறு மாதிரிப் போயிருக்கும்.

"அய்யா, நீங்க குடிச்ச டீயும் இதுல வெச்சதுதான். நல்லாத்தான இருந்துச்சு?"

இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் அவர் இன்றுவரை அவளை மன்னிக்கவில்லை என்பது என் எண்ணம். [எண்ணம் மட்டுமே. ஒருவரின் மனசுக்குள் போய் எழுதுகிற உரிமையை இந்தக் கதையில் நான் யாரிடமும் எடுத்துக்கொள்ளவில்லை, என்னிடம் தவிர.]

அன்று மாலையே குடிசைச் சுவர்களில் தட்டியிருந்த வரட்டிகளைக் காவலாளிகள் கழியால் தள்ளி மிதித்தார்கள். நாகம்மா காலனிக்குள்ளும் தபேலாவுக்கும் வரக் கூடாது, சாலையில் சாணி எடுத்தால் போலீஸில் ஒப்படைக்கப்படும் என்று குழு முடிவு செய்தது. ஆண்டுக் கூட்டம் ஒப்புக்கொண்டால் அது நிரந்தரம்.

பிறகு நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதிகாரி போய்விட்டதால் பினாயில் நின்றது. தொட்டியைக் காலி செய்து புதுச் சாணி விட்டார்கள். சில வாரங்களில் உருளை எழுந்தது, சுடர் வந்தது. "திருட்டு நின்றதும் கேஸ் வந்துவிட்டது பார்த்தீர்களா" என்றார் நாராயணஸ்வாமி. எல்லோரும் தலையாட்டினார்கள்.

8

நாகம்மா திருடினாளா?

இந்த இடத்தில் நான் பொய் சொன்னால் கதை எளிதாகும். லோயிஸிடம் கொடுத்த வரட்டிகள் திருடியவை இல்லை. அந்த மழையில் எந்த வரட்டியும் காயாது. காய்ந்து கணீரென்று இருந்த அவை கோடையில் தட்டி அடுக்கியவை, கலன் வருவதற்கு முன்னால். மழையில் துணி காயப் போட்டுப் பழக்கமுள்ள எவருக்கும் இது புரியும்.

ஆனால் சாலையில் விழுந்ததை, தீர்மானத்துக்குப் பிறகும், எடுத்தாளா என்று அவளிடமே கேட்டேன். ரயில் பாதை ஓரத்தில் நின்று பேசினோம்.

"எடுத்தேன். ஏன் எடுக்கக் கூடாது? எருமை போட்டுட்டுத் திரும்பிக்கூடப் பாக்கல. உங்க ஆளுங்க அள்ள வந்தாங்களா? காஞ்சி, வண்டி ஏறிப் பொடியாப் போவுது."

வேறென்ன வேண்டும் என்று கேட்டேன். நியாயம், மரியாதை என்றெல்லாம் சொல்லுவாள், எழுதிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன்.

"தபேலா சாணிய நீங்களே வெச்சுக்குங்கம்மா. புள்ளைங்க பாலு குடிக்கட்டும். ரோட்ல வுழறத மட்டும் எங்களுக்கு வுட்டுடச் சொல்லுங்க."

அவ்வளவுதான். நன்மையையும் தீமையையும் பற்றி இந்தக் காலனியில் யாரும் இதைவிடத் தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை என்று எழுதி, அடித்துவிட்டேன். பாராட்டினால் அவளைப் படம் பிடித்து மன்றத்துச் சுவரில் மாட்டிவிட்டு நிம்மதியாகிவிடுவோம்.

9

முடிவுகள்.

(அ) நாராயணஸ்வாமி "பேஷ்" என்று எழுதிய முடிவு. குழு நாகம்மாவை மன்னிக்கிறது. கலனில் சாணி கரைக்கிற வேலையை அவளுக்குக் கொடுக்கிறது. அவள் நீலச் சுடரைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறாள். இதை எழுதியவள் நான்தான். எதற்கு மன்னிப்பு என்று அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

(ஆ) ஒரு பிற்பகலில் கலன் வெடிக்கிறது. இது என் கோபம் எழுதிய முடிவு. பாதி வாக்கியத்தில், பச்சை உருளை வானத்தில் எழும்பி... அங்கேயே நிறுத்திவிட்டேன். வெடித்தால் பக்கத்தில் இருப்பது பால்வாடி.

(இ) ஆண்டுக் கூட்டத்தில் லோயிஸ் எழுந்து, அன்று என்ன நடந்தது என்று எல்லோருக்கும் சொல்கிறாள். இதுதான் எனக்குப் பிடித்த முடிவு. எழுதுவதற்கு முன்னால் அவளிடம் கேட்டேன். அவள் வேலை குழுவின் கையில் இருக்கிறது. பாத்திரத்தை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

"அக்கா, கதையில நான் பேசுற மாதிரி எழுதிக்கோங்க. மீட்டிங்ல மட்டும் என்னைப் பேச வெக்காதீங்க, ப்ளீஸ்."

ஆகவே அவள் பேசவில்லை. அவளுக்குத் தெரிந்ததை இந்தக் கதையில் நான்தான் சொன்னேன். நானும் அங்கே இருந்தவள். அந்த டீயை நானும் குடித்தேன். யாராவது கேட்டால் என் பெயரைச் சொல்லலாம்.

10

நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

மன்றத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு கையில் தொன்னையில் சர்க்கரைப் பொங்கல், மறு கையில் இந்த மலர். ஒவ்வோர் ஆண்டும் போல, நாற்காலி வாடகையை மிச்சம் பிடிக்கத் தமிழ்ச் சங்க விழா முடிந்த கையோடு அதே நாற்காலிகளில் காலனியின் ஆண்டுக் கூட்டம். தெலுங்குக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பின்வரிசையில் உட்காருகிறார்கள். மேடையில் நாராயணஸ்வாமி சாரும் மலரைப் பிரித்துவிட்டார். அவர் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்று அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். சார், அன்று அந்த வரட்டியில் காய்ந்தது உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் குடித்த பால். கோபப்படுங்கள். ஆனால் கடைசி வரிவரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

இடப்பக்க ஜன்னல் வழியாகப் பாருங்கள். கலனின் சுவர் தெரியும். சுண்ணாம்பு மழையில் கரைந்துவிட்டது. சிவப்பு எழுத்துகள் மறுபடி வெளியே வந்திருக்கின்றன. அந்த மூன்று மொழிகளில் ஏதாவது ஒன்று உங்களுக்குத் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் நாகம்மாவைப் பற்றிய தீர்மானத்தைப் படிப்பார்கள். ஒப்புக்கொள்கிறவர்கள் கை தூக்குங்கள் என்பார்கள். தீர்மானம் படிக்கிற குரலைக் கேட்டாலே வழக்கமாகக் கை தூக்கிவிடுகிறவர்கள் நாம். அதனால் இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதவில்லை. எழுதினால் அது எழுத்தாளர் சொன்னது என்று மலரை மூடி வைத்துவிட்டுக் கை தூக்குவீர்கள்.

எருமைகள் குளத்திலிருந்து திரும்புகிற நேரம் இது. இந்நேரம் நம் வாசலுக்கு எதிரே விழுந்திருக்கும், சூடாக. நாகம்மா கூடையோடு சாலையின் அந்தப் பக்கத்தில் நிற்கிறாள். இத்தனை நாள் கேட்காமல் எடுத்தேன், இன்றைக்கு ஒரு நாள் கேட்டுவிட்டு எடுக்கிறேன், என்னதான் சொல்கிறார்கள் பார்ப்போம் என்று என்னிடம் சொல்லியனுப்பினாள்.

கேட்டுவிட்டேன். யாருடையது?